இரட்டையரில் ஒன்று எங்கே? இம்ஃபோலோசி சிங்கங்கள் குறித்த விவாத இழை

2018 ஜூன் 24, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர் ஒருவரின் கேள்வி

தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் வனப்பகுதியில் ஆறு ஆண் சிங்கங்கள் ‘மபோகோ’ என்ற பெயரில் கூட்டணி சேர்ந்து பல சிங்கக் குடும்பங்களை ஆண்ட வரலாற்றைக் காணொளிகளில் பார்த்தேன். எனக்குப் புரிந்தவரை ஆண் கூட்டணிதான் அரசு. யார் வென்றாலும் பெண் சிங்கங்கள் அவர்களுக்கு அடங்கிப் போகின்றன. அவற்றுக்கென்று ஒரு சொல்லும் இல்லை. இது சரிதானே? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி பூங்காவில் நீங்கள் சில ஆண்டுகளாகக் குறித்து வரும் இரட்டை ஆண் சிங்கங்களில் ஒன்றை மூன்று மாதமாகக் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்தக் குடும்பம் இனி யாருடையது?

2018 ஜூன் 25

அந்தக் குடும்பம் பெண் சிங்கங்களுடையது. இரட்டையர் இருவரும் உடனிருந்த காலத்திலும் அது அவற்றுடையதாகத்தான் இருந்தது. உங்கள் கேள்வியின் முதல் பகுதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கக் குடும்பம் பாட்டி, தாய், பெரியம்மா, சித்தி, மகள் என்று பெண்வழியாகத் தொடர்வது. பெண் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த மண்ணிலேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே முதுமை அடைகின்றன. எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், குட்டிகளை மறைக்க எந்தப் பாறையிடுக்கு தகும், எருமைக் கூட்டம் எந்த வழியாக ஆற்றில் இறங்கும் என்ற அறிவெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆண் குட்டிகளோ இரண்டு மூன்று வயதுக்குள் வெளியேறிவிடுகின்றன, அல்லது துரத்தப்படுகின்றன. உடன்பிறந்தவையும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளுமாகச் சேர்ந்து நாடோடிகளாகத் திரிந்து, நான்கைந்து வயதில் பிடரி நிறைந்து உடல் தேறிய பிறகு, ஏதாவது ஒரு குடும்பத்துடன் இருக்கும் ஆண்களைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் அமர்கின்றன. அந்த இருப்பும் சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகள்தான். 1966ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷாலர் செரங்கெட்டியில் தொடங்கி, பின்னர் கிரெய்க் பேக்கர், ஆன் பியூசி போன்றோர் தொடர்ந்த ஆய்வுகளில் இது தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கிறது. கூட்டணியில் உறுப்பினர் கூடினால் இருப்பும் நீளும். தனி ஆண் ஒன்று ஒரு குடும்பத்தைப் பெற்றாலும் அதைக் காத்து நிற்பது அரிது.

அதனால்தான் இரட்டையரில் ஒன்றைக் காணவில்லை என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. எஞ்சியிருப்பது ஒற்றை ஆண். உடன் ஐந்து பெண்கள். ஆறு குட்டிகள்; அவற்றில் மூன்று, பிறந்து நான்கு மாதமே ஆன குழந்தைகள். நான்கு பேருக்கு மேற்பட்ட கூட்டணியாக இருந்தால் எல்லோரும் இரத்த உறவாகவே இருப்பார்கள். இருவர் மட்டும் எனில் உறவில்லாத இருவராகவும் இருக்கலாம். எங்கள் இரட்டையர் உடன்பிறந்தவர்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2015இல் நான் முதலில் பார்த்தபோதே இரண்டும் முழு வளர்ச்சி அடைந்திருந்தன.

2018 ஜூன் 25, இரவு

சொல் பற்றி ஒரு வரி. ‘மந்தை’ என்று எழுதச் சொல்லி ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். மந்தை என்றால் மேய்ப்பவன் ஒருவன் வேண்டும்; சிங்கங்களுக்கு மேய்ப்பவன் இல்லை. நான் ‘குடும்பம்’ என்றே எழுதுவேன். ஆண்களின் சேர்க்கைக்குக் ‘கூட்டணி’ என்ற சொல் மிகவும் பொருந்துகிறது. அது சேர்வதும் பிரிவதும் கணக்கை ஒட்டியே நடக்கிறது.

2018 ஜூலை 1

முதல் குறிப்பில் ஒரு பிழை. பெரிய கூட்டணியில் எல்லோரும் இரத்த உறவு என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, மபோகோவில் ஆறாவது சிங்கமான மகுலு வெளியிலிருந்து வந்தது அல்லவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வதே சரி. அந்த ஆறில் ஐந்து ஒரே குடும்பத்தில் பிறந்து சேர்ந்து வளர்ந்தவை. மகுலு அவற்றைவிட மூத்தது. இளமையில் அவற்றுடன் வந்து ஒட்டிக்கொண்டது. ‘மகுலு’ என்றால் இங்கே ‘பெரியது’ என்று பொருள், அந்தப் பெயரிலேயே வயது தெரியும். ஆகவே ‘எல்லோரும்’ என்பதைப் ‘பெரும்பாலும் எல்லோரும்’ என்று திருத்திப் படிக்கவும். இந்த விதியின் பின்னால் ஒரு காரணம் உண்டு. பெரிய கூட்டணியில் ஓரிரண்டு ஆண்களே பெரும்பாலான குட்டிகளுக்குத் தந்தையாகின்றன. மற்றவற்றுக்குச் சில நேரம் ஒரு குட்டியும் கிடைப்பதில்லை. அண்ணன் பிள்ளைகள் வாழ்ந்தாலும் தன் இரத்தம்தானே என்ற நிலையில் உள்ளவையே அந்த ஏற்பாட்டில் தங்குகின்றன.

மபோகோவின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமெனில் 1993இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டில்தான் சாபி சாண்டுக்கும் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் இடையே இருந்த வேலி அகற்றப்பட்டது. அதன் பிறகே ஆண் சிங்கங்களால் தாம் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் போய் அடுத்தவர் எல்லையைப் பிடிக்க முடிந்தது. மபோகோ மேற்கு சாபி சாண்டைக் கைப்பற்றிப் பல ஆண்டுகள் வைத்திருந்தன. பின்னர் இரண்டு பிரிந்து கிழக்கே வேறு குடும்பங்களைத் தேடிப் போயின. மற்ற நான்கும் மேற்கிலேயே தங்கின. 2010ஆம் ஆண்டு வடக்கிலிருந்து மஜிங்கிலானே என்ற கூட்டணி இறங்கியபோது, கிழக்கே போன இரண்டு மபோகோக்களும் அவற்றுடன் மோதி, வந்தவற்றில் ஒன்றைக் கொன்றன. அதற்குப் பிறகு மஜிங்கிலானே திரும்பி வந்து, அந்த இரண்டு மபோகோக்களில் கிங்கி டெயில் என்ற சிங்கத்தைக் கொன்றன. உடனிருந்த மிஸ்டர் டி மேற்கே ஓடி மற்றவர்களுடன் சேர்ந்துகொண்டது. 2012இல் செலாட்டி என்ற வேறொரு கூட்டணியின் ஆண்கள் மிஸ்டர் டியைக் கொன்றன.

ஆறாக இருந்தவரை அசையாமல் நின்ற கூட்டணி நான்கும் இரண்டுமாகப் பிரிந்த பிறகே உடைந்தது. காணொளிகள் இந்த இடத்தில் இரத்தத்தைக் காட்டுகின்றன. நான் அந்தப் பிரிவைத்தான் பார்க்கிறேன். அதே ஆண்டுகளில், அதே மண்ணில், ட்சலாலா குடும்பத்தில் கழுதைப்புலிகளிடம் வாலை இழந்த ஒரு பெண் சிங்கம் இருந்தது. மபோகோ போய் மஜிங்கிலானே வந்த காலத்தையும் கடந்து அது அங்கேயே குட்டிகளை வளர்த்தது.

2018 ஜூலை 9

மூன்று நாள் இம்ஃபோலோசியின் ம்பிலா முகாமில் தங்கிவிட்டு நேற்று டர்பன் திரும்பினேன். அக்கா மகன் வண்டி ஓட்டினான். பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் இருந்தது, ஆனாலும் குளிர்காலத்தில் புல் தாழ்ந்து கிடப்பதால் பார்வை நன்றாக எட்டும்.

ம்பிலாவுக்கு வேலி இல்லை. இரவில் கழுதைப்புலிகள் குடிசைகளுக்கு நடுவே நடந்து போகும். முதல் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் சிங்கம் கர்ஜித்தது. நான் எழுந்து திசைகாட்டியை வைத்துத் திசையைக் குறித்துக்கொண்டேன்; இரண்டு முறையும் வடமேற்கு, சொந்துலி வளைவுச் சாலைப் பக்கம். குரல் ஒன்றுதான். முன்பெல்லாம் ஒன்று தொடங்கினால் அது முடியும் முன்னே மற்றது சேர்ந்துகொள்ளும். கடைசியில் வரும் குட்டையான உறுமல்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இந்த முறை ஒரு குரல் முடிந்ததும் வெறும் அமைதி. மறுநாள் காலை வாயில் திறந்ததும் கிளம்பினோம்.

கறுப்பு இம்ஃபோலோசி ஆற்றின் மணல் திட்டுக்கு மேலே பாதையோரத்தில் அது படுத்திருந்தது. வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு அத்தனை நேரம் தேவைப்பட்டது.

சிங்கத்தைப் பிடரியை வைத்து அடையாளம் காணக் கூடாது. பிடரி கருக்கும், உதிரும், காயத்தால் பாதி போகும். தழும்பும் ஆறிவிடும். மாறாதது மீசைப் புள்ளிகள்தான். 1970இல் பென்னிகுயிக், ருட்னாய் என்ற இருவர் இந்த முறையை எழுதி வைத்தார்கள். சிங்கத்தின் கன்னத்தில் மீசை முடிகள் வரிசை வரிசையாக முளைக்கின்றன. ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு கரும்புள்ளி. முழு வரிசையாக ஓடும் மேல் வரிசைக்கும் மேலே, வரிசையாக அமையாமல், இரண்டோ மூன்றோ ஐந்தோ புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். அவை கீழ் வரிசையின் எந்தெந்தப் புள்ளிகளுக்கு நேர் மேலே, அல்லது எந்த இடைவெளிக்கு மேலே நிற்கின்றன என்பதுதான் கணக்கு. இடக் கன்னம் ஒரு கணக்கு, வலக் கன்னம் வேறொரு கணக்கு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் அமைப்பு இன்னொன்றுக்கு வருவது மிக அரிது. குட்டியில் இருந்தது கிழமாகும்வரை அப்படியே இருக்கும். “மாமா, இதுதான் இதனுடைய பச்சை அடையாளப் புத்தகமா?” என்று அக்கா மகன் கேட்டான். நம் அரசு குடிமக்களுக்குத் தரும் அடையாளப் புத்தகத்தைச் சொல்கிறான். அதேதான்.

எங்கள் இரட்டையரில் ஒன்று இடம் மூன்று, வலம் இரண்டு. இடக் காதின் கீழ் விளிம்பில் ஒரு சிறு பிளவு. மற்றது இடம் இரண்டு, வலம் நான்கு. வலக் காதில் பிளவு. அன்று படுத்திருந்தது கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பியபோது இடக் கன்னத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. மூக்கு முழுவதும் கருத்திருந்தது. ஐந்து ஆறு வயதில் பாதி கருக்கும், இது அதையும் தாண்டிவிட்டது. எழுந்து பாதையைக் கடந்தபோது நான்கு அடி நடந்து நின்று திரும்பிப் பார்த்தது. மீண்டும் நடந்து மீண்டும் திரும்பிப் பார்த்தது. கோயில் தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ‘அரிமா நோக்கு’ என்பதற்குக் கழுத்தைத் திருப்பிக் காட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் இது திரும்பிப் பார்த்த திசை, மற்றது வழக்கமாக நடந்து வரும் திசை. நான் இதை மிகையாக எழுதவில்லை. மூன்று ஆண்டுகளில் இரண்டும் நடந்து போனதை எத்தனையோ முறை பார்த்தவன் எழுதுகிறேன்.

2018 ஜூலை 10

மகிழ்ச்சியான செய்தி. டொங்காட்டிலிருந்து ஒரு வாசகர் சென்ற வாரம் பூங்காவின் ந்யலாசி வாயிலுக்கு அருகில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். வலக் காதில் பிளவுடன் ஓர் ஆண் சிங்கம். மற்றது உயிருடன் இருக்கிறது.

2018 ஜூலை 14

ஆண் சிங்கம் தூங்கும், பெண் சிங்கம் வேட்டையாடும் என்று மூன்று பேர் ஒரே நாளில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணம் திறந்த புல்வெளியில் எடுத்த படங்களிலிருந்து வந்தது. பால் ஃபன்ஸ்டன் குரூகரில் செய்த ஆய்வில் ஆண்கள் தாமாகவே, குறிப்பாக எருமைகளை, வேட்டையாடுவது தெளிவாகப் பதிவாயிற்று. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, செடி அடர்த்தியை வானிலிருந்து லேசர் கொண்டு அளந்து, ஆண்கள் அடர்ந்த புதருக்குள் மறைந்திருந்து தாக்குவதைக் காட்டியது. புதருக்குள் நடப்பதை வண்டியிலிருந்து யார் பார்க்க முடியும்? நாடோடியாக அலையும் இரண்டு ஆண்டுகளில் அவற்றுக்கு வேட்டையாடிப் போட எந்தப் பெண் சிங்கமும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

2018 ஜூலை 29

ஜூலை 10ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் படத்தில் இருப்பது நான் சொந்துலியில் பார்த்த அதே சிங்கம்தான். படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். படத்தில் சிங்கம் தொலைவில் இருந்ததால் மீசைப் புள்ளிகள் தெரியவில்லை. காதுப் பிளவை மட்டும் வைத்து முடிவு செய்தேன். பிடரியையும் தழும்பையும் நம்பக் கூடாது என்று முந்தின நாள்தான் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் என் மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது: வலக் காதுக்காரனின் பிளவு காதின் நுனியை ஒட்டியது, படத்தில் அது கீழ் விளிம்பில் இருந்தது. அந்த வாசகரிடம் அதே நாளில் எடுத்த மற்றப் படங்களையும் கேட்டேன். இரண்டாவது படத்தில் முன்னால் நின்ற பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் பதிவெண் பலகை தெரிந்தது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைமாறி இருந்தன. அவர் படங்களை அழகுபடுத்திய செயலி எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. மூலப் படத்தை வாங்கிப் பார்த்தேன். இடக் காது, கீழ் விளிம்பு, சந்தேகமே இல்லை.

அவர் மிகவும் வருந்தி எழுதினார். அவர் தவறு எதுவும் இல்லை. இனி யார் படம் அனுப்பினாலும் மூலத்தை அனுப்புங்கள்; ஓரத்தில் ஒரு பலகையோ வண்டி எண்ணோ விழுந்திருந்தால் வெட்டாதீர்கள்.

ஒன்று உயிருடன் இருக்கிறது என்று நம்பி இந்த இழையில் எத்தனை பேர் மகிழ்ந்தீர்கள் என்று பார்த்தேன். உங்களுக்கு அதை மறுத்து எழுதுவது கடினமாக இருக்கிறது.

2018 ஆகஸ்ட் 5

“காணவில்லை என்றால் செத்துவிட்டது என்றுதானே பொருள்?” என்ற கேள்விக்கு: அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

குரூகர் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி 960 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் வேலி. ஆனால் தெற்கே வெள்ளை இம்ஃபோலோசி ஆற்றை ஒட்டிய வனப்பகுதிக்குள் வாகனச் சாலையே கிடையாது. வழிகாட்டியுடன் நடந்துதான் போக முடியும். ஒரு சிங்கம் அங்கே ஓராண்டு இருந்தாலும் நம்மைப் போன்றவர்கள் கண்ணில் படாது. கம்பிக் கண்ணியில் சிக்கியிருக்கலாம். மானுக்கு வைத்த கண்ணி சிங்கத்தின் கழுத்தை அறுத்ததை இந்த மாகாணத்தில் வனம் அறிந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எருமையின் கொம்பு பட்டிருக்கலாம். காசநோய் இருக்கலாம், எருமைகளிடமிருந்து அது சிங்கங்களுக்கும் பரவுகிறது. பூங்காவே அதை வேறிடத்துக்கு மாற்றியிருக்கவும் கூடும்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் வேலியிட்ட வனத்தில் கூட்டணியின் வாழ்க்கை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இந்தப் பூங்கா இருக்கும் சூலுலாந்திலிருந்து சிங்கம் அழிந்துபோயிருந்த காலத்தில், 1958இல், ஓர் ஒற்றை ஆண் சிங்கம் வடக்கிலிருந்து தானாகவே நடந்து இம்ஃபோலோசிக்கு வந்து சேர்ந்தது. துணையில்லாமல் ஆண்டுக்கணக்கில் அது இருந்தது. 1965இல் பெண் சிங்கங்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அந்தச் சிலவற்றிலிருந்து பெருகியவைதான் இங்குள்ள சிங்கங்கள். அதனால் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து உடல் நலிந்தன. 1999க்குப் பிறகு வெளியிலிருந்து புதிய சிங்கங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குரூகரில் ஒரு கூட்டணியை விரட்ட எப்போதும் வேறொரு கூட்டணி எல்லையில் காத்திருக்கும். சிறிய வேலிக்குள் அப்படி யாரும் வராவிட்டால், அதே ஆண்கள் தங்கி, தம் மகள்களுடனேயே சேரும் நிலை வந்துவிடும். அதனால் மனிதர்களே ஆண்களை இடம் மாற்றி, இயற்கையில் நடக்கும் ஆட்சி மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் சிங்கத்தை அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எடுத்துப் போகவில்லை என்று பூங்கா ஊழியர் ஒருவர் எனக்கு உறுதியாகச் சொன்னார். மற்ற மூன்று வாய்ப்புகளும் அப்படியே நிற்கின்றன.

2018 செப்டம்பர் 23

மரபு நாள் விடுமுறையை ஒட்டி ஓர் இரவு மட்டும் போக முடிந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இரண்டு குரல்கள். ஒன்று தொடங்கி மற்றது சேர்ந்தது. ஒரு நிமிடம் என் நெஞ்சு துள்ளியது உண்மை. ஆனால் சொந்துலிப் பக்கம் இருந்து பதில் குரல் எழவில்லை, பெண்களும் குரல் கொடுக்கவில்லை. தம் ஆண்களின் குரலுக்கு அவை அப்படி அடங்கியிருந்ததில்லை.

காலையில் பாதை மணலில் தடம். வழிகாட்டி ஒருவர் இறங்கிக் காட்டினார். உள்ளங்கால் மெத்தையின் பின் விளிம்பில் மூன்று மடிப்பு; நகம் பதியவில்லை; முன்னங்கால் அகலமானது. தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தது, ஆனால் அதன்மேல் ஒரு வண்டு ஊர்ந்த கோடு. அது இரவில் ஊர்வது, ஆகவே சிங்கம் அதற்கு முன்னே, நள்ளிரவுக்கு அருகில் போயிருக்கிறது என்றார். இரண்டு ஆண்கள், பக்கத்தில் பக்கத்தில். “இபுபேசி, இரண்டு, இளையவை” என்றார். இபுபேசி என்றால் சூலு மொழியில் சிங்கம். தடம் மட்டும் பார்த்து இளையவை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நடையில் நேர்க்கோடு இல்லை, ஒன்று அடிக்கடி விலகிப் புதர்களை முகர்ந்திருக்கிறது, இந்த மண் அவற்றுக்குப் புதிது என்றார்.

நாடோடி ஆண்கள் பிறர் எல்லைக்குள் கர்ஜிப்பதில்லை. கர்ஜித்துவிட்டன என்றால் உரிமை கேட்கத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

2018 செப்டம்பர் 25

குட்டிகளின் கதி என்ன என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நான் இதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

புதிய ஆண்கள் வந்தால் முந்தையவர்களின் சிறு குட்டிகளைக் கொல்லும். இதைக் கொடுமை என்று முதல் கேள்வியாளர் பின்னர் ஒரு செய்தியில் எழுதினார். எனக்கும் பார்க்க முடியாத காட்சிதான். பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை தாய் மீண்டும் சினைப்படாது. ஒரு குட்டிக் கூட்டத்தை வளர்த்து முடிக்க அதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டு வேண்டும். ஆணுக்கோ இருக்கப் போவதே இரண்டு மூன்று ஆண்டு. குட்டிகளை இழந்த தாய் சில நாள் சில வாரங்களிலேயே மீண்டும் பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் சுமார் 110 நாள். புதியவர்கள் தங்கள் குட்டிகளைத் தாங்கள் இருக்கும்போதே வளர்த்துவிட வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கிறார்கள்.

ஆனால் பெண்கள் கைகட்டி நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், உங்கள் முதல் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. கேரன் மெக்கோம்பும் உடன் பணியாற்றியவர்களும் செரங்கெட்டியில் பதிவு செய்த கர்ஜனைகளை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். குரல் தம் ஆண்களுடையதா அந்நியருடையதா என்று பெண்கள் பிரித்தறிந்தன; அந்நியர் எனில் குட்டிகளை இழுத்துக்கொண்டு விலகின. அந்நியப் பெண்களின் குரல் கேட்டபோது அது ஒன்றா மூன்றா என்று எண்ணி, தாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே முன்னே போயின. அவை ஒரே காலத்தில் குட்டி போட்டு, ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுத்து, கூட்டாகக் காவல் காக்கின்றன. தனித்து நிற்கும் தாயைவிட இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கும் தாய்கள் ஆண்களை எதிர்த்துக் குட்டிகளைக் காப்பாற்றுவது அதிகம். வளர்ந்த குட்டிகள் உள்ள தாய் சில நேரம் குடும்பத்தையே விட்டுப் பிரிந்து, அவற்றை அழைத்துக்கொண்டு எல்லையோரம் போய்விடும். ஆட்சி மாறிய பிறகும் சில மாதங்கள் பெண்கள் புதியவர்களுடன் சேரும், ஆனால் சினைப்படாது. இந்தக் காலத்துக்குள் இன்னும் வலிமையான கூட்டணி வந்தால் வரட்டும் என்பதுபோல இது நடக்கிறது. இதற்கு இதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எங்கள் ஐந்து பெண்களில் இரண்டுக்கு நான்கு மாதக் குட்டிகள் இருந்தன. இப்போது ஏழு மாதம். ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை வயதுக் குட்டிகள் மூன்று. சிறியவற்றைப் பற்றி நம்பிக்கையாக எழுத என்னால் முடியவில்லை. பெரியவற்றைப் பற்றி முடியும்.

2018 அக்டோபர் 14

ஸ்டாங்கரிலிருந்து வந்த படம். மூலப் படம், சரிபார்த்துவிட்டேன். சொந்துலியில் இரண்டு இளம் ஆண்கள், உடன் நான்கு பெண்கள். குட்டிகள் இல்லை. எங்கள் பழைய ஆண் படத்தில் இல்லை.

2018 அக்டோபர் 14, பின்னேரம்

நான்கு பெண்கள் என்று எழுதிவிட்டு எந்த ஐந்தாவது இல்லை என்று பார்க்காமல் விட்டேன். புள்ளிகளை மீண்டும் எண்ணினேன். இல்லாதது மூன்று பெரிய குட்டிகளின் தாய்.

2018 நவம்பர் 3

புதியவை இரண்டுக்கும் பெயர் வைக்கச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்ததும் அதற்கு ஒரு குணம் வைக்கிறோம், பிறகு ஒன்றை நல்லவன் என்றும் மற்றதைக் கெட்டவன் என்றும் பேசுகிறோம். மபோகோவுக்கு அதுதான் நடந்தது. இடம் நான்கு வலம் மூன்று, இடம் இரண்டு வலம் ஐந்து. குறிப்பேட்டில் இப்படியே இருக்கும். ஏப்ரலில் இரட்டையரில் ஒன்று மறைந்தபோது இந்த இரண்டும் எங்கோ பசியோடு ஒளிந்து திரிந்துகொண்டிருந்திருக்கும்.

2018 டிசம்பர் 28

செங்கெனி வாயில் பக்கம் போனோம். இந்த முறை அக்கா, மாமா, அவர்கள் மகன், நான் என்று நால்வர். மழைக்குப் பின் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டதால் எதையும் பார்ப்போம் என்ற எதிர்பார்ப்பு இல்லை. வெள்ளை இம்ஃபோலோசியின் கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, அக்காதான் முதலில் கண்டாள். மணலில் ஒரு பெண் சிங்கம் நீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் புல்லிலிருந்து ஒன்று, பிறகு ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வெளியே வந்தது. மூன்றும் ஒல்லியாக இருந்தன. இடுப்பெலும்பு தெரிந்தது. ஆனால் ஒன்றின் வாயோரம் இரத்தம் உலர்ந்திருந்தது, அன்று விடியலில் தின்றிருக்கின்றன.

தாயின் புள்ளிகளைச் சரிபார்த்தேன். அதுதான். கட்டுப்படுத்தும் ஆண் எதுவும் இல்லாமல் மூன்று மாதமாகத் தனியே மூன்று பேரை வளர்த்திருக்கிறது. குட்டிகளில் இரண்டு பெண், ஒன்று ஆண். ஆணின் கழுத்தில் பிடரி அரும்பத் தொடங்கியிருக்கிறது, காதுகளுக்கு நடுவே வாரிவிட்டதுபோல ஒரு சிறு கற்றை நிற்கிறது. அக்கா மகன் தொலைநோக்கியை வண்டியின் கதவில் ஊன்றி அசையாமல் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்தையும் எண்ணிச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: இடம் மூன்று, வலம் நான்கு. அதற்குப் புதிய பக்கம் ஒன்று போட்டிருக்கிறேன். ஓராண்டுக்குள் அதுவும் தாயை விட்டுக் கிளம்பிவிடும்.